ஆழ்ந்த இறங்கல்

ஜூன் 3, செவ்வாய்

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், என் பக்கத்தின் நாற்பத்தோராவது பின்தொடர்பவர் இன்று காலை ஏழு இருபதுக்கு, நான் பல் விளக்கிக்கொண்டிருந்த வேளையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நம்மைவிட்டுப் பிரிந்தார். அன்னாருக்கு வயது நான்கு நாள். அன்னாரின் பிரிவால் வாடும் மீதி நாற்பது பேரில் மூவர் அத்தை பெண்கள், ஒருத்தி அக்கா, இரண்டு பேர் டவர். டவர் ஒரே ஆள்தான். இரண்டு கணக்கு வைத்திருக்கிறான்.

டவர் என் பக்கத்து பெஞ்ச். வகுப்பிலேயே உயரம். ஆனால் சிக்னல் வராது. திங்கட்கிழமை சொன்ன ஜோக்குக்குப் புதன்கிழமை சிரிப்பான்.

பக்கத்தின் பெயர் 'காலமானவை'. காலமானவர் இல்லை, காலமானவை. செத்துப்போன பொருள்களுக்கு இரங்கல் செய்தி எழுதுகிறேன். இதுவரை ஐம்பத்திரண்டு மரணம். என் இடது செருப்பு. ரிமோட்டின் பின்மூடி. அக்காவின் டயட் (வயது இரண்டு நாள், ஐஸ்கிரீம் மோதி, சம்பவ இடத்திலேயே). தினமும் ஒன்று போட வேண்டும், ஒரு நாள் விட்டாலும் ஆட்கள் மறந்துவிடுவார்கள் என்று லட்சக்கணக்கில் ஆள் சேர்த்தவர்கள் எல்லாரும் வீடியோ போட்டுச் சொல்கிறார்கள். அதனால் தினமும் ஒன்றைச் சாகடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற எதைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது.

வாசகர் தேடி அலையும் யாசகன். நல்ல வரி. இதையும் போட்டால் ஏழு பேர் பார்ப்பார்கள். அலுப்பாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

பெரியவர் போய்விட்டார்.

எங்கள் வீட்டு பிரிட்ஜ். நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியது, ஆள் உயரம், நகர்த்தினால் கோபம் வரும், அதனால் வீட்டில் எல்லாருக்கும் அது 'பெரியவர்'. 'பெரியவருக்குள்ள தயிர் இருக்கு பாரு' என்றுதான் அம்மா சொல்வாள். காலையில் பார்த்தால் உள்ளே விளக்கு இல்லை, அடியில் தண்ணீர். மெக்கானிக் வந்து பின்பக்கம் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அம்மா பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இத எழுதிடாத."

"எழுதிட்டேன்."

எழுதியது இதுதான்:

'எங்கள் வீட்டுப் பெரியவர் இன்று அதிகாலை அமைதியாகப் பிரிந்தார். பத்தொன்பது ஆண்டுகள் ஒரே மூலையில் நின்று எங்கள் எல்லாருடைய வயிற்றையும் பார்த்துக்கொண்டவர். யார் எந்த நேரத்தில் போய் நின்றாலும் முகம் சுளிக்காமல் வெளிச்சம் காட்டியவர். கடைசிச் சில மாதங்களாக உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. முனகல் கேட்டபோதெல்லாம் நாங்கள் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.'

அதற்குக் கீழேதான் விஷயம். கம்ப்ரஸர் போனது, உள்ளே அன்னார் விட்டுச்சென்ற பட்டாணிப் பாக்கெட், ஐஸ் தட்டு யாருக்கு என்ற சொத்துத் தகராறு, எல்லாம். நன்றாக வந்திருக்கிறது. பன்னிரண்டு பேராவது சிரிப்பார்கள்.

ஜூன் 5, வியாழன்

ஆயிரத்து நூற்று நாற்பது.

பல் விளக்காமல் ஓடிவந்து எழுதுகிறேன். ஆயிரத்து நூற்று நாற்பது பேர். ராத்திரி யாரோ பெரிய பக்கத்துக்காரர் எடுத்துப் பகிர்ந்திருக்கிறார்: 'ஒரு பேரனின் கண்ணீர்.' எந்தப் பேரன்? யார் கண்ணீர்?

பிறகுதான் புரிந்தது. நாலு வரிக்கு மேல் இருந்தால் அந்தத் தளம் வெட்டிவிட்டு 'மேலும் வாசிக்க' என்று சின்னதாகப் போடும். பிரிட்ஜ் என்ற சொல் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. புள்ளிவிவரம் பார்த்தேன். கண்ணில் பட்டவர்கள் முப்பத்தெட்டாயிரம். 'மேலும்' என்பதைத் தொட்டவர்கள் பதினொன்று.

மாலையில் அத்தை அம்மாவின் போனுக்கு அழைத்தாள். அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்ததால் அப்பா எடுத்தார். அத்தை எடுத்த எடுப்பில் அழுதிருக்கிறாள்: "அண்ணி, அண்ணன் போயிட்டாராமே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே." அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான்தான் பேசறேன்" என்றார். "நான்னா யாரு?" "போனவன்."

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். என்னைக் கூப்பிட்டு முதல் கேள்வியாக, "நான் போனது எத்தன மணிக்கு?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கே சரி பண்ணிப் போடு."

போட வேண்டும். நாளைக்கு.

ஜூன் 6, வெள்ளி

கருத்துகளை உட்கார்ந்து படித்தேன். கும்பிடுகிற கை, கும்பிடுகிற கை, அழுகிற முகம், கும்பிடுகிற கை. நடுவில் ஒருவர்: 'ஆழ்ந்த இறங்கல் தம்பி. தைரியமா இருங்க.'

இறங்கல். வல்லின ற. ஆழமாக இறங்கிக்கொண்டே இருக்கிறாராம். டவருக்குக் காட்டினேன், உடனே சிரித்தான். அவனுக்கே புரிந்துவிட்டது என்றால் பாருங்கள். அவர் படத்தில் மீசை, காக்கிச் சட்டை, பின்னால் ஏதோ இயந்திர அறை. 'இறங்கலார்' என்று பெயர் வைத்தோம்.

திருத்தம் இன்னும் போடவில்லை. நான் எங்கே பொய் சொன்னேன்? ஒவ்வொரு வரியும் உண்மை. அஃறிணையை உயர்திணையில் சொன்னேன், அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் உழைத்த பிரிட்ஜுக்கு ஒரு 'ஆர்' விகுதி கூடவா கொடுக்கக் கூடாது?

ஜூன் 9, திங்கள்

நாலாயிரத்து முந்நூறு. இப்போது நான் இளம் எழுத்தாளர். என் வாயால் சொல்லவில்லை, இரண்டு பேர் அப்படிக் கூப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். பள்ளி வராந்தாவில் பத்தாம் வகுப்புப் பெண்கள் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள், மரியாதையாக. இதுவரை என்னைப் பார்த்து யாரும் தலையைக் குனிந்தது இல்லை; பையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள், உள்ளே எதையாவது போட்டுவிடுவேன் என்று.

நேற்று கொசு பேட்டுக்கு ஒரு இரங்கல் போட்டேன். 'எண்ணற்ற உயிர்களைப் பறித்தவர், இறுதியில் சார்ஜ் இல்லாமல்.' நல்ல வேலை. அரை மணியில் நூற்றிருபது பேர் போய்விட்டார்கள். ஒரு அம்மா எழுதியிருந்தார்: 'வீட்டில் துக்கம் நடந்திருக்கும்போது இது தேவையா, கண்ணு?'

பேட்டை எடுத்துவிட்டேன். பதிலாகப் பெரியவரைப் பற்றி இன்னொன்று. அவர் நின்ற மூலையில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறது என்று. உண்மைதான், சதுரமாக வெள்ளையாக இருக்கிறது. நாலே வரி. 'மேலும்' வராத அளவு.

அறுநூறு பேர் சேர்ந்தார்கள்.

இலக்கியம் இல்லை இது, லைக்கியம்.

ஜூன் 12, வியாழன்

கை வலிக்கிறது. 'நன்றி', 'நன்றிங்க', 'உங்கள் அன்புக்கு நன்றி' - முந்நூறு முறை. விட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். கணக்குப் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் போன் துடித்துக்கொண்டே இருக்கிறது, ஏதோ உயிருள்ளதுபோல.

எல்லாரும் அவரவர் சாவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுக்கிறார்கள். நான் கேட்கவே இல்லை. ஒரு பெண் அவள் அப்பாவின் படத்தை அனுப்பியிருக்கிறாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாய். 'உங்களுக்குத்தான் புரியும்.' எனக்கு என்ன புரியும்? எனக்கு வயது பதினாறு, பிரிட்ஜ் ரிப்பேர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இறங்கலார் தினமும் எழுதுகிறார். 'தம்பி சாப்டீங்களா.' அவ்வளவுதான் செய்தி. இன்று நான் 'நீங்க?' என்று போட்டுவைத்தேன், சும்மா. நீளமாகப் பதில் வந்தது. இதே ஊர்தான். லிப்ட் மெக்கானிக். மனைவி போய் ஐந்து வாரம். ஒரே பெண், வேறு நாட்டில் வேலை, வந்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் அவர் மட்டும்.

லிப்ட் மெக்கானிக் 'ஆழ்ந்த இறங்கல்' எழுதியிருக்கிறார். டவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று எதுவும் சாகவில்லை. விடுமுறை.

ஜூன் 17, செவ்வாய்

இறங்கலார் இன்று வேறு கேள்வி கேட்டார்: 'பெரியவர் சாமான்லாம் என்ன பண்ணீங்க தம்பி. எனக்கு அவ பீரோவ பாத்தா வேலைக்கு கிளம்ப முடியல. கதவ தொறக்கவும் தைரியம் இல்ல.'

வேதியியல் வகுப்பு. பெஞ்சுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு பத்து நொடியில் பதில் போட்டேன்: 'பழைய சாமான் எடுக்கறவர கூப்ட்டுக் குடுத்துட்டோம்ணே. ரெண்டு நாள் வெறிச்சுன்னு இருந்துச்சு. அப்புறம் வீடே பெருசான மாதிரி ஆயிடுச்சு. நல்லாத்தான் இருக்கு.'

எல்லாம் உண்மை. ஏழாம் தேதி சனிக்கிழமை மினி லாரியில் வந்து பெரியவரைத் தூக்கிப்போனார்கள்.

கட்டை விரல் தூக்கிய படம் அனுப்பினார்.

ஜூன் 20, வெள்ளி

ஆறாயிரத்து நூற்று நாற்பது. எங்கள் பள்ளியில் மொத்தமே தொள்ளாயிரம் பேர். அதாவது ஏறக்குறைய ஏழு பள்ளிக்கூடம் என் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. முன்னால் போகிறவனுக்கு எங்கே போகிறோம் என்று தெரியாது. அது அவர்களுக்குத் தெரியாது.

இறங்கலார்: 'நேத்து குடுத்துட்டேன் தம்பி, நீங்க சொன்ன மாதிரியே. மூலை பெருசாயிடுச்சு.'

ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

குரல் பதிவு. ஒரு நிமிடம் ஐம்பது நொடி. மூன்று தடவை கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதிவைக்கிறேன், எனக்கே மறக்கக் கூடாது.

"தம்பி, தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. அந்தப் பீரோ கதவுக்கு உள்பக்கம் அவ பென்சில்ல எழுதி வெப்பா. சிலிண்டர் மாத்துன தேதி, பாப்பா போன் பண்ணுன தேதி, எனக்கு பிரஷர் எவ்வளவு, இந்த மாதிரி. எது கேட்டாலும் இருங்க பாத்துச் சொல்றேன்னு போயி பீரோவத் தொறப்பா. நான் உள்ள பாத்ததே இல்ல தம்பி, என் துணி ஆணியிலதான் தொங்கும். நேத்து சிலிண்டர் தீந்துபோச்சு. எப்ப மாத்துனோம்னு யோசிச்சேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எடுத்துட்டுப் போனவரு நம்பர் வாங்கல. ரோட்ல கூவிக்கிட்டுப் போனாரு, கூப்ட்டேன். இருபது வருசம் எழுதியிருக்கா. உங்களுக்கு யாராச்சும் தெரியுமா? உங்க பக்கத்துல அவ்வளவு பேரு இருக்காங்களே."

ஐயோ. டேய். என்னடா பண்ணி வெச்சிருக்க. பிரிட்ஜுக்குச் சொன்னத போயி அந்த மனுசன்கிட்ட - பத்து செகண்டுல - தலையைக் கூட நிமித்தாம -

ஜூன் 22, ஞாயிறு

ஆறாயிரம் பேர் எதற்கு இருக்கிறார்கள்? காலையிலேயே போட்டேன். இறங்கலாரிடம் ஒவ்வொரு அடையாளமாகக் கேட்டு எழுதினேன்: பச்சை நிற இரும்பு பீரோ, இரட்டைக் கதவு, இடது கைப்பிடி உடைந்து கம்பி கட்டியது, வியாழக்கிழமை மினி லாரியில் போனது, உள்ளே பென்சில் எழுத்து, யாராவது பார்த்தால் தயவுசெய்து இந்த எண்ணுக்கு.

ஆனால் பழக்க தோஷம். தொடக்கத்தில் மூன்று வரி உருக்கமாக எழுதிவிட்டேன். 'ஒரு வீட்டின் ரகசியங்களையெல்லாம் நெஞ்சுக்குள் வைத்திருந்த பச்சை பீரோ ஒன்று வியாழனன்று வாசலைத் தாண்டிப் போனது.' அடையாளங்கள் எல்லாம் கோட்டுக்குக் கீழே போய்விட்டன.

மாலைக்குள் தொள்ளாயிரம் பேர் பீரோவுக்கு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார்கள். 'ஆன்மா சாந்தியடையட்டும்.' 'உங்கள் குடும்பத்துக்கு இன்னொரு இழப்பா.' ஒருவர், 'பீரோ என்பது தாத்தாவின் தம்பியா?' என்று கேட்டிருந்தார்.

'மேலும்' தொட்டவர்கள் ஒன்பது. முன்பு பதினொன்று. அந்த இரண்டு பேருக்கு இன்று என்ன வேலையோ.

நாலு வரியோடு நிறுத்த அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

ஜூன் 23, திங்கள்

அக்காவிடம் சொன்னேன். கூரியர் அலுவலகத்திலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஆறாயிரம் பேர்கிட்ட கேட்ட. நான் ஆறு பேர்கிட்ட கேக்கறேன்."

நாலாவது போனிலேயே கிடைத்தது. அவள் அலுவலகத்துக்குச் சரக்கு வண்டி ஓட்டும் டிரைவர் சொன்னாராம்: தெருவில் எடுக்கும் இரும்புச் சாமான் எல்லாம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகைக்குத்தான் போகும். தட்டி நிமிர்த்தி, தேய்த்து, வியாழக்கிழமை வியாழக்கிழமை ஸ்பிரே பெயிண்ட் அடிப்பார்கள். உள்ளேயும் வெளியேயும்.

"வியாழக்கிழமைன்னா மூணு நாள்தான் இருக்கு. வாக்கா, இப்பவே போலாம்."

"அந்தாளுகிட்ட பிரிட்ஜ்னு சொன்னியா?"

"இல்ல."

"சொல்லிட்டு வா. அப்புறம் வண்டி எடுக்கறேன்."

"பீரோ கெடச்சப்புறம் சொல்றேனே."

"கெடச்சப்புறம் சொன்னா அது மன்னிப்பு இல்லடா, பேரம்."

என் அக்காவுக்கு நாற்பது பேர் கூடப் பின்தொடர்பவர் கிடையாது. இப்படி ஒரு வரியைச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

ஏழு முறை தட்டச்சு செய்து ஏழு முறை அழித்தேன். எதை எழுதினாலும் அழகாக வந்து தொலைக்கிறது. கடைசியில் மொட்டை மாடிக்குப் போய் அழைத்தேன். முதல் தடவை பேசுகிறோம்.

"அண்ணே, நான்தான். அந்தப் பக்கத்துல எழுதற..."

"சொல்லுங்க தம்பி. கெடச்சுதா?"

"பீரோ இல்லண்ணே. வேற ஒண்ணு சொல்லணும். பெரியவர்ங்கறது... எங்க வீட்டு பிரிட்ஜுண்ணே."

"என்னது?"

"பிரிட்ஜு. பழசு, ரிப்பேர் ஆயிடுச்சு. தமாஷா எழுதுனேன். முழுசா படிச்சா தெரியும். யாரும் படிக்கல. நானும் சொல்லல. சாமானக் குடுத்துட்டோம்னு சொன்னதும் அதத்தான்."

பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம். அவர் வேலையில் இருந்தார். சத்தம் நின்றது, அவரே நிறுத்தியிருப்பார்.

"அப்ப உங்க வீட்ல யாரும் சாகலையா?"

"இல்லண்ணே."

"நல்லது தம்பி" என்றார். வைத்துவிட்டார்.

திட்டியிருக்கலாம். ஆறாயிரம் பேரில் ஒருத்தருக்குக் கூட என் வீட்டில் யாரும் சாகவில்லை என்பதற்காக 'நல்லது' என்று சொல்ல வாய்ப்பே கொடுக்கவில்லை நான். அவர்தான் முதல் ஆள்.

ஜூன் 25, புதன்

பள்ளிக்கு மட்டம். அக்கா அரை நாள் லீவு.

கொட்டகைக்குள் இரும்பு பீரோக்கள் வரிசையாக நிற்கின்றன, பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகள்போல. பாதி தேய்த்து மொட்டையாக, பாதி இன்னும் பழைய நிறத்தில். அதற்குச் சொந்தக்கார அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, "பச்சையா? பச்சைல பன்னண்டு இருக்கு. நீயே தொறந்து பாத்துக்க" என்றார்.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் ஸ்டிக்கர் பொட்டுகள். ஒன்றில் உயரம் அளந்த கோடுகள், கடைசிக் கோடு என் தோள் அளவோடு நின்றிருந்தது. ஒன்றில் அந்துருண்டை வாசனை மட்டும். ஐந்தாவதில் கம்பி கட்டிய கைப்பிடி.

இடது கதவு துருப்பிடித்திருந்ததால் நேற்றே உள்ளும் புறமும் தேய்த்துவிட்டார்கள். கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. ஒரு எழுத்து இல்லை.

வலது கதவைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை பென்சில். சின்னச் சின்ன எழுத்து, நேரான வரி, நாற்பது பக்க நோட்டு அளவு. இடம் போதாமல் பழையதன் இடுக்கில் புதியதை எழுதியிருந்தார். ஒரே ஒரு வரி மட்டும் படித்தேன், பிறகு படிக்கக் கூடாது என்று தோன்றி மூடிவிட்டேன்.

இறங்கலாருக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அக்கா தன் போனிலிருந்து அழைத்தாள், உடனே எடுத்தார். இருபது நிமிடத்தில் வந்துவிட்டார், காக்கிச் சட்டையோடு, தோளில் கருவிப் பை. படத்தில் இருப்பதைவிடக் குள்ளம். அக்காவுக்கு வணக்கம் சொன்னார். என்னைப் பார்த்தார்.

அந்த அம்மா கையை விரித்தார். "பீரோ வித்தாச்சுப்பா. ஆள் பாத்துட்டுப் போயிட்டாங்க, வெள்ளிக்கெழம வண்டி வருது. கதவு மட்டும்னா கழட்டிக்க. அந்த மூலைல ஒத்தக் கதவு நெறயக் கெடக்கு, ஒண்ண மாட்டி விட்டுடறேன்."

அவர் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் கீலைக் கழற்ற ஆரம்பித்தார். அவசரமே இல்லை. ஒவ்வொரு ஸ்குரூவையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், யாருக்கு அது வேண்டும் என்று தெரியவில்லை. கடைசிக் கீல் கழலும்போது கதவு சாய்ந்தது. நான் போய்ப் பிடித்தேன்.

"இந்தப் பக்கம் புடி. வெரலு ஜாக்கிரத."

மூன்று வாரமாக எனக்கு 'நீங்க' போட்டவர். துக்க வீட்டுக்காரனுக்குக் கொடுத்த மரியாதை அது. இன்று 'புடி'. பிடித்துக்கொண்டேன்.

கதவை ஆட்டோவில் குறுக்கே வைத்துக்கொண்டு போனார், எழுத்து உள்பக்கம் தன்னைப் பார்க்கும்படி. இடது கதவைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

ஜூன் 28, சனி

போட்டுவிட்டேன். முதல் வரியிலேயே, கோட்டுக்கு மேலே: 'பெரியவர் எங்கள் வீட்டு பிரிட்ஜ். யாரும் சாகவில்லை. நான் தெரிந்தே சும்மா இருந்தேன்.'

இதை மட்டும் எல்லாரும் முழுசாகப் படித்தார்கள்.

மதியம் ஐயாயிரம். மாலை மூவாயிரத்துச் சொச்சம். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது. மற்றதெல்லாம் வசவு. 'உன் அப்பனுக்கும் இப்படித்தான் எழுதுவியா?' அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் படித்தேன். படிக்காமல் விடும் உரிமை எனக்கு இல்லை.

அப்பாவின் ஆஸ்பத்திரிப் படத்தை அனுப்பிய பெண் எழுதியிருந்தாள்: 'அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.' வேறு ஒரு சொல் இல்லை. அழித்துவிட்டேன் என்று பதில் போட்டேன். அதற்குள் என்னைத் தடை செய்திருந்தாள். போய்ச் சேரவில்லை.

அழித்தது உண்மை என்று யாரிடம் சொல்வது? இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

இருநூற்றுப் பன்னிரண்டு. எதுவும் போடவில்லை. போன் துடிக்கவில்லை. கணக்குப் பாடத்தில் இரண்டு அத்தியாயம் முடித்தேன், வேறு வழி இல்லாமல்.

ஜூலை 8, செவ்வாய்

இறங்கலாரிடமிருந்து ஒரு படம். படுக்கை அறைச் சுவர், தரையில் செங்கல் வைத்து அதன்மேல் கதவு, சுவரோடு பட்டை அடித்து இறுக்கியிருக்கிறார். அசையாது போலிருக்கிறது, அவர் வேலை அப்படி.

கீழே: 'பாப்பா அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வருது. அவ அம்மாவ பத்தி ஒரு பக்கம் எழுதி தரணும். எனக்கு வராது. உனக்கு எழுத வரும். வந்து கதவ பாத்துக்க. இந்த தடவ முழுசா உண்மையா எழுது.'

'ஒரு மணி நேர வேலைண்ணே' என்று போட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

முடித்துக் கொடுத்துவிட்டேன். அடக்கமெல்லாம் வேண்டாம், நான் கொடுத்ததிலேயே சிறந்தது இதுதான். அம்மா படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புதுப் பிரிட்ஜின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், எதையும் எடுக்கவில்லை. அக்கா இரண்டு தடவை படித்தாள், அப்பா ஒரு தடவை. இறங்கலாரின் பெண் கையில் வாங்கி, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். அவர் போன் செய்து சொன்னார். படித்தவர்கள் மொத்தம் ஐந்து பேர், ஐந்து பேரும் கடைசி வரி வரை.

இதை இப்படியே நிறுத்திவிட்டால் கம்பீரமாக இருக்கும். ஆனால் இது என் நாட்குறிப்பு, நான் யாரை ஏமாற்ற?

ஒரு மணி நேரம் இல்லை, பன்னிரண்டு நாள். முதல் பிரதியில் 'இல்லத்தின் விளக்கு' என்று தொடங்கியிருந்தேன். அவர் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதில் 'மௌனத்தின் மொழி'. "யாரு இது?" என்று கேட்டார், உண்மையாகவே தெரியாமல். மூன்றாவதை நானே கிழித்தேன். பிறகு நாலு மாலை அந்தக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மேலிருந்து பார்த்து எழுதினேன், அவ்வளவுதான்.

சிலிண்டர் மார்ச் 12. அவர் தூக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. சொல்லமாட்டார்.

பாப்பா போன். சளி. ஆவி பிடிக்கச் சொன்னேன். பிடிக்கமாட்டாள்.

மழையில் போயிருக்கிறார். குடை இங்கே இருக்கிறது.

அவருக்கு 150/90. உப்பைக் குறைத்துவிட்டேன் அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

முழுப் பக்கமும் இப்படித்தான். சொல் எல்லாம் அந்த அம்மாவுடையது. வரிசையும் அவருடையது. நான் எழுதியது என்று பார்த்தால் இரண்டு காற்புள்ளி. ஒன்று எங்கே போட்டேன் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று 'உப்பைக் குறைத்துவிட்டேன்' என்பதற்குப் பிறகு இருந்தது. இறங்கலார் விரலை அங்கே வைத்து, "இத எடுத்துரு, அவ அங்கல்லாம் நிறுத்த மாட்டா" என்றார்.

எடுத்துவிட்டேன்.